திடலுக்குப் போகும் இரண்டு நடைபாலங்கள்: பூசி ஓட்டுவதா, இடித்துக் கட்டுவதா?

வாய்க்கால்மேடு:

வணக்கங்க. கோபிக்கும் பெருந்துறைக்கும் இடையில், கீழ்பவானி வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். வீடுகள் எல்லாம் வாய்க்காலுக்கு இக்கட்டால (இந்தப் பக்கம்), மாரியம்மன் கோயிலும் திடலும் அக்கட்டால (அந்தப் பக்கம்). கோயில் வாய்க்காலுக்கு ரொம்ப மூத்தது. பவானிசாகர் அணை வேலை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடிந்தது. அந்தச் சமயத்தில் வெட்டிய வாய்க்கால் ஊரையும் திடலையும் இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனது. அதற்குப் பரிகாரமாகக் கட்டிக் கொடுத்தவைதான் இந்த இரண்டு நடைபாலங்களும். ஒன்று கோயில் வாசலுக்கு நேர், இன்னொன்று கொஞ்சம் தள்ளிச் சந்தைமேட்டுக்கு நேர். இரண்டுமே கருங்கல் தூண் வைத்த மூன்று கண் பாலம், மேலே கான்கிரீட் பலகை, அகலம் நாலடி.

திடலைத் தெரியாதவர்களுக்கு: சித்திரையில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, தீர்த்தம், மாவிளக்கு, பொங்கல் என்று நடக்கும் நோம்பி இங்கேதான். ராத்திரி கூத்து, வள்ளிக்கும்மி, கடைசி நாள் வாணவேடிக்கை. கூடவே மாட்டுச்சந்தையும் கூடும். கண்ணபுரம், அந்தியூர் அளவுக்கு இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்து ஒரம்பரை (உறவுக்காரர்கள்) அத்தனையும் அன்றைக்கு இந்தப் பாலங்களில்தான் ஏறி இறங்கும். தார்ரோட்டுப் பாலம் ஒன்று இருக்கிறது. சுற்றிக்கொண்டு போகணும் என்பதால் நடந்து வருகிறவர்கள் அதைச் சீந்துவதில்லை.

நிலைமை இதுதான். தண்ணீர் நின்ற பிறகு கோயில் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தால், நடுக்கண்ணில் கான்கிரீட் பாளம் பாளமாக உதிர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி என்று சொல்வது மரியாதைக்கு. விரலால் நெருடினால் ஏடு ஏடாகக் கையோடு வருகிறது. சந்தைப் பாலத்தில் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் விழுந்து, அந்த இடத்தில் மூங்கில் கட்டி வைத்திருக்கிறோம்.

ஊர்க்கூட்டத்தில் மூன்று கட்சி. பூசி வெள்ளையடித்து இன்னும் பத்து வருசம் ஓட்டலாம் என்பது ஒன்று. இரண்டையும் எடுத்துவிட்டு நடுவில் அகலமாக ஒரே பாலம் கட்டலாம் என்பது இன்னொன்று. அதே இடத்தில் இரண்டையும் புதுசாகக் கட்டணும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் காரணத்தை எடுத்துச் சொல்லத் தெரிந்த ஆள் எங்கள் பக்கம் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சிவில்காரன்:

அண்ணா, முதலில் பூச்சுக் கட்சிக்குப் பதில். இரும்பு துருவாக மாறும்போது பழைய இடத்தைப் போலச் சில மடங்கு இடம் கேட்கும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உதிர வைக்கிறது. மேலே சிமெண்ட் பூசினால் துரு நிற்காது. உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. பூசி வெள்ளையடித்த பாலத்தை விடக் கம்பி தெரிகிற பாலமே தேவலை என்பேன். அதைப் பார்த்தாவது நாலு பேர் ஒதுங்கிப் போவார்கள்.

கூட்டத்தில் காட்டுவதற்கு இரண்டு சோதனை சொல்கிறேன். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பலகையின் அடியில் லேசாகத் தட்டிக்கொண்டே போங்க. நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்கும். உள்ளே பிரிந்த இடத்தில் 'பொத்' என்று கேட்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டுப் படம் எடுங்க. இரண்டாவது பினாப்தலீன், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காற்றில் இருக்கும் கரியமில வாயு ஏறிக் காரம் போன இடம் அப்படியே இருக்கும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் கம்பிக்குக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். எழுபது வருசப் பாலம், முறுக்குக் கம்பி புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய வழவழப்பான உருட்டுக் கம்பி, கம்பிக்கு அடியில் கான்கிரீட் ஒரு இஞ்ச் இருந்தால் அதிகம். சோதனை முடிவு என்னவாக இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம்.

பளு ஏற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. மணல் மூட்டை அடுக்கி 24 மணி நேரம் வைத்து, இறக்கிய பிறகு தொய்வில் முக்கால் பங்காவது திரும்ப நிமிர்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் சொல்கிற பாலத்துக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மூட்டையோடு பாலமும் இறங்கிவிடும்.

இன்னொன்று முக்கியம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐஆர்சி 6 விதியில் பாலத்து நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பளு என்று இருக்கும். யாத்திரைத் தலமோ, பருவத்துக்குப் பெரிய சந்தை கூடுகிற இடமோ என்றால் அதை 500 ஆக்கச் சொல்லி அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் திடல் அந்த வரிக்குள் அப்படியே பொருந்துகிறது. மதிப்பீடு போடும்போது 500 போட்டிருக்கிறதா என்று கேளுங்க.

மஞ்சமண்டி:

வெள்ளையடிக்கிற கட்சித் தலைவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறாரா என்று முதலில் விசாரிங்க.

வாய்க்கால்மேடு:

இல்லைங்க, மளிகைக் கடை. சுண்ணாம்பு விற்பார் 🙂

பழைய_லஸ்கர்:

தம்பிகளா, நான் இதே வாய்க்காலில் லஸ்கராக, அதாவது மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன். பாலத்தைப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பேசணும்.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டி நன்செய்க்குத் திறப்பார்கள், 120 நாள். அப்புறம் ஜனவரி வாக்கில் புன்செய்க்கு, முறை வைத்து ஏப்ரல் கடைசி வரை ஓடும். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. பாதி நிலத்துக்கு ஒரு போகம், மீதிப் பாதிக்கு அடுத்த போகம். தலைப்பில் 2,300 கனஅடி வரை விடுவார்கள். ஆக வாய்க்கால் காய்ந்து கிடப்பது மே மாசம் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை. நீங்கள் கடப்பாரை எடுப்பதும், தூண் எடுப்பதும், பலகை ஏற்றுவதும் இதற்குள் முடியணும். அதிலும் நோம்பி முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் உங்கள் ஊரில் யாரும் வேலைக்கு வருவார்கள். கையில் நிற்பது மூன்று மாசம் கூட இல்லை.

தண்ணீர் திறந்த பிறகு உங்கள் சென்ட்ரிங் முட்டு நடுவாய்க்காலில் நின்றால் யாரும் உங்களுக்காக மதகை அடைக்க மாட்டார்கள். கடைமடைக்காரன் நாற்றங்கால் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், அவன் சும்மா விடுவானா? அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிற வருசம் முன்கூட்டியே திறக்கச் சொல்லிக் கோரிக்கை வேறு வரும்.

அடுத்தது அனுமதி. வாய்க்காலும் இரண்டு கரையும் நீர்வளத்துறையுடையது (2021 வரை பொதுப்பணித்துறைக்குள் இருந்த பிரிவு). ஊராட்சி தீர்மானம் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீங்க. உதவிப் பொறியாளரைப் பாருங்க. அவர் கேட்பது பெரும்பாலும் நாலு விஷயம். தண்ணீர் ஓடும் இடத்தில் புதிதாகத் தூண் வரக் கூடாது. பலகையின் அடிப்பாகம் முழு நீர்மட்டத்துக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு நிற்கணும், ஏனென்றால் வாழைமட்டையும் தேங்காய் மட்டையும் செத்த ஆடும் ஒன்றாக வந்து அடைக்கும். கரைமேல் போகும் ஜீப் பாதையை மறிக்கக் கூடாது. பழைய தூணை அடியோடு எடுத்துவிடணும். பாதி விட்டால் அதில் குப்பை சிக்கி, தண்ணீர் சுழன்று கரையை அரிக்கும்.

மனுவை மார்கழியிலேயே கொடுத்தால்தான் வைகாசியில் வேலை ஆரம்பிக்கலாம்.

மஞ்சமண்டி:

லஸ்கர் ஐயா, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிற வேலை உங்கள் பக்கம் வந்தால் பாலம் என்ன ஆகும்?

பழைய_லஸ்கர்:

அதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே ஏற்கனவே பாதிப் பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இங்கே அந்த ஓரியாட்டம் வேண்டாம் சாமி. கரையில் எந்த வேலை வந்தாலும் பாலத்தின் ஓரக்கட்டை (கரையில் பாலத்தைத் தாங்கும் கட்டுமானம்) கரையின் உள்சரிவில் நீட்டிக்கொண்டு நிற்காமல் பின்னுக்குத் தள்ளி இருந்தால் தொந்தரவு இல்லை. அவ்வளவுதான்.

மாவிளக்கு_அக்கா:

எல்லாரும் கம்பி, கான்கிரீட் என்று பேசுகிறீர்கள். அந்த நாலடியில் நடப்பது யார் என்று யாராவது சொன்னீர்களா? மாவிளக்கன்று பொழுதோட நாங்கள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போவோம். எதிரே விளக்கு வைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். தட்டு அகலத்துக்கு இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாது, ஒருத்தி ஒருக்களித்து நிற்கணும். ஒருக்களித்து நிற்கிற பக்கம்தான் உங்கள் மூங்கில் கட்டிய பக்கம். விளக்குச் சுடர் முன்னால் போகிறவள் முந்தானையில் படாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

லஸ்கர் ஐயா பலகையை உயர்த்தச் சொல்கிறார். உயர்த்தினால் இரண்டு பக்கமும் படி வைப்பார்கள். தயவு செய்து படி வைக்க விடாதீர்கள். சரிவுதான் வேண்டும். எங்கள் அம்மிச்சி மாதிரி முட்டி தேய்ந்தவர்கள் ஊரில் பாதிப் பேர். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இப்போது நோம்பிக்குக் கோயில் பக்கமே வருவதில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

சிவில்காரன்:

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு. அதாவது பலகையை 60 செண்டிமீட்டர் உயர்த்தினால் ஒவ்வொரு பக்கமும் 7.2 மீட்டர் நீளத்துக்குச் சரிவு இழுக்கணும். அங்கேதான் கரையின் ஜீப் பாதை குறுக்கிடும். நேராக இழுக்க முடியாவிட்டால் கரையை ஒட்டி எல் வடிவில் திருப்பலாம். இல்லையென்றால் ஜீப் பாதையையே அந்த இடத்தில் கொஞ்சம் மேடாக்கிச் சரிவோடு சேர்க்கலாம். வரைபடத்தில் பாலத்தை மட்டும் போட்டுக் கொடுத்தால் ஒப்பந்ததாரர் கடைசி நாளில் நாலு படி கட்டிவிட்டுப் போய்விடுவார். சரிவும் மதிப்பீட்டுக்குள் இருக்கணும்.

இனி 'ஒரே அகலப் பாலம்' கட்சிக்கு. கூட்டம் நடப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விளையாட்டரங்குகளுக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூலில், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிசத்துக்கு 82 பேர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். படிக்கட்டு என்றால் 66. உங்கள் நாலடி 1.2 மீட்டர், நிமிசத்துக்கு நூறு பேர் போகலாம், அதுவும் எல்லாரும் ஒரே திசையில் போனால். வாணவேடிக்கை முடிந்ததும் 5,000 பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு பாலத்தில் 50 நிமிசம், இரண்டிலும் பிரிந்தால் 25. எதிரே ஆள் வந்தால் இந்தக் கணக்கு நொறுங்கிவிடும்.

இரண்டு நாலடிப் பாலத்துக்குப் பதில் ஒரு எட்டடிப் பாலம் கட்டினாலும் கணக்கு அதேதானே என்று கேட்பார்கள். கடக்கும் ஆள் எண்ணிக்கை அதேதான். ஆனால் இரண்டு பாலம் இருந்தால் ஒன்றைப் போவதற்கும் ஒன்றை வருவதற்கும் ஒதுக்கலாம், எதிரெதிர் மோதலே கிடையாது. ஒரு பாலத்தில் ஏதாவது நடந்தால் இன்னொன்று திறந்திருக்கும். எட்டடிப் பாலத்தில் நடுவில் கயிறு கட்டினால் அரை மணி நேரத்தில் கயிறு எங்கே போனது என்று தெரியாது.

2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் 23 பேர் செத்தார்கள். பாலம் இடியவில்லை, ஒரு கல் கூட நகரவில்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் படிக்கட்டில் நெருங்கி நின்றதுதான். பலமான பாலமும் ஆளைக் கொல்லும்.

காங்கேயங்காளை:

மாட்டுக்காரன் ஒருத்தன் பேசலாமா?

சந்தைப் பாலத்தில் ஆளும் மாடும் ஒன்றாகப் போவதை முதலில் நிறுத்துங்க. நோம்பி மேளச் சத்தத்தில் கன்னுக்குட்டி கூட மிரளும், காளையைச் சொல்லவே வேண்டாம். அப்புறம் இரும்புப் பாலம் போடுகிற யோசனை யாருக்காவது இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பி வலைத் தளம் போட்டால் கீழே தண்ணீர் மினுங்குவது தெரியும். மாடு முன்னங்காலை வைத்துப் பார்க்கும், மோந்து பார்க்கும், அப்படியே நின்றுவிடும். இழுத்தால் பின்னுக்கு வரும், பின்னால் நிற்பவன் கதி அதோகதி. புள்ளி வைத்த இரும்புத் தகடு போட்டால் ஈரத்தில் குளம்பு வழுக்கும். ஒரு தடவை மாடு சறுக்கி விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பாலத்தில் ஏறாது. கான்கிரீட் தளம், குறுக்கே கோடு இழுத்துச் சொரசொரப்பாக விட்டால் மாட்டுக்கும் சரி, ஆளுக்கும் சரி.

என்னைக் கேட்டால் நோம்பி அன்றைக்கு மாட்டைத் தார்ரோட்டுப் பாலம் வழியாகவே ஓட்டச் சொல்லிவிடலாம். வண்டியில் ஏற்றி வருகிறவர்கள் எப்படியும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். கையில் பிடித்து வருகிற நாங்கள் கொஞ்ச நேரம் கூட நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வாய்க்கால்மேடு:

காளை அண்ணா, அதைச் சந்தைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா? சுங்க வசூல் சந்தைமேட்டில்தானே நடக்கிறது.

காங்கேயங்காளை:

வசூல் மேசையைத் தூக்கித் தார்ரோட்டுப் பக்கம் போட்டால் தானாக அங்கே வருவார்கள். மேசை நாலு கால்தானே.

மஸ்கட்_மாப்ள:

எல்லாரும் இடி இடி என்கிறீர்கள், மனசுக்கு என்னவோ செய்கிறது. கோயில் பாலத்துக் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து கூத்து பார்த்த தலைமுறை நாங்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுசு கட்டக் கூடாதா? வெளிநாட்டில் எல்லாம் பழைய பாலத்தை நினைவுச் சின்னமாக வைக்கிறார்கள். நோம்பிக்கு ஊருக்கு வரும்போது அந்தப் பாலம் இல்லையென்றால் திடல் திடலாகவே இருக்காது.

சிவில்காரன்:

மாப்ள, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் உட்கார்ந்த அந்த இடம்தான் எனக்குப் பயம். வாணவேடிக்கை நேரத்தில் பாலத்தில் யாரும் நடப்பதில்லை, நிற்கிறார்கள். அதுவும் வெடி தெரிகிற ஒரே பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடிச் சுவரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு. பாலத்துக்கு வருகிற மோசமான பளு அதுதான். பழைய பாலத்தைப் பூட்டி வைத்தாலும் அன்றைக்குப் பையன்கள் சுவரேறி அதில்தான் நிற்பார்கள், வாய்க்கால் நடுவில் அதை விட நல்ல இடம் வேறு ஏது?

மோர்பியை மறந்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம், பழுது பார்த்துத் திறந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து 135 பேர் போனார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? ஒரு முக்கிய வடத்தில் இருந்த 49 இழைகளில் 22 ஏற்கனவே துருப்பிடித்துப் போயிருந்தன. வடத்தை மாற்றாமல் நடைதளத்தை மட்டும் முன்னை விடக் கனமான அலுமினியத்துக்கு மாற்றியிருந்தார்கள். பூச்சுக் கட்சிக்காரர்களுக்கு இதை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்க.

பழைய_லஸ்கர்:

மஸ்கட் தம்பி, துறையும் விடாது. உபயோகத்தில் இல்லாத பாலம் தண்ணீருக்குக் குறுக்கே நிற்க அனுமதி கிடைக்காது. ஆனால் தூணில் இருக்கும் கருங்கல் அருமையான கல், உளி வேலை அப்படி. உடைத்து ஜல்லியாக்க விடாதீங்க. இறக்கி எடுத்துத் திடலில் புங்கமரத்தைச் சுற்றித் திண்ணை கட்டுங்க, உட்கார்ந்து கூத்து பார்க்கலாம். இடிக்கிற ஒப்பந்தத்திலேயே 'கல் ஊருக்கு' என்று எழுதணும், இல்லாவிட்டால் லாரி ஏறிவிடும்.

மஸ்கட்_மாப்ள:

சரிங்க ஐயா, திண்ணைக்கு என் பங்கு உண்டு.

சுருக்குப்பை:

பங்கு என்று வந்துவிட்டதால் கேட்கிறேன், பணம் எங்கே? கோயில் உண்டியலைக் கைகாட்டாதீர்கள்.

வாய்க்கால்மேடு:

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி கேட்டிருக்கிறோம். அது ஒரு பாலத்துக்கு வரும் போலத் தெரிகிறது. இன்னொன்றுக்கு நமக்கு நாமே திட்டம், மூன்றில் ஒரு பங்கு ஊர் கட்டினால் மீதி அரசு. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். பேர் பொறித்த கல் கேட்கிறார்கள்.

சுருக்குப்பை:

கல் எவ்வளவு பெரிசு என்று கேட்டு வையுங்க. சில ஊரில் பாலத்தை விடக் கல்வெட்டு பெரிசாக இருக்கிறது.

சிவில்காரன்:

இரும்பா, கான்கிரீட்டா என்பதற்கு வருகிறேன். லஸ்கர் ஐயா சொன்ன மூன்று மாசம்தான் இதைத் தீர்மானிக்கிறது. கான்கிரீட் என்றால் பழசை இடித்து, ஓரக்கட்டை எழுப்பி, முட்டுக் கொடுத்து, பலகை வார்த்து, தண்ணீர் ஊற்றி நனைத்து, முட்டைப் பிரிக்கும்வரை பொறுத்திருக்கணும். நடுவில் கோடைமழை ஒரு வாரம் பிடித்தால் ஆகஸ்ட் வந்துவிடும். அதுவும் நடுத்தூண் இல்லாமல் ஒரே கண்ணாகத் தாண்டணும் என்றால் பலகை தடியாகும், எடை கூடும்.

இரும்புச் சட்டம் என்றால் பட்டறையில் மாசியிலேயே செய்து, துத்தநாகம் முக்கி, தயாராக வைத்துவிடலாம். வாய்க்காலில் செய்ய வேண்டியது இடிப்பதும் ஓரக்கட்டையும் மட்டும். கிரேன் வைத்து ஏற்றுவது ஒரு நாள் வேலை. தளத்துக்குக் காளை அண்ணன் சொன்னபடி மேலே மெல்லிய கான்கிரீட், குறுக்குக் கோடு. பழைய கருங்கல் ஓரச்சுவரை அப்படியே பயன்படுத்தலாமா என்று ஆசை வரும். நடுத்தூண் போனால் முழுப் பளுவும் ஓரத்துக்கு வரும், அதனால் அஸ்திவாரம் தோண்டிப் பார்க்காமல் சம்மதிக்காதீங்க.

இரும்பில் இரண்டு சங்கடம். ஒன்று திருட்டு. போல்ட்டைக் கழற்றி எடைக்குப் போடுகிறவன் நம் ஊரிலும் உண்டு, முறுக்கிய பிறகு மரையைச் சிதைத்துவிடணும். இரண்டாவது ஆட்டம். மனுசன் சாதாரணமாக நொடிக்கு இரண்டு அடி வைக்கிறான். பாலம் லேசாக இருந்து அதன் இயல்பான அதிர்வும் அதையொட்டி இருந்தால் கூட்டம் நடக்க நடக்க ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். லண்டனில் மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். பக்கவாட்டில் ஆடிய ஆட்டத்தில் இரண்டு நாளில் மூடி, அதிர்வைத் தின்னும் கருவிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். பாலம் இடியக்கூடிய நிலையில் இல்லை, ஆனால் நடக்கிறவன் பயந்து ஓடினால் அதுவும் விபத்துதான். வடிவமைப்பவரிடம் அதிர்வுக் கணக்கு போட்டாரா என்று கேளுங்க. முழித்தால் வேறு ஆளைப் பாருங்க.

மாவிளக்கு_அக்கா:

தம்பி, அப்போ தீர்த்தக்குடம் வரும்போது? முன்னால் தவிலும் பெரிய மேளமும், பின்னால் பையன்கள் எல்லாம் ஒரே அடியாகக் குதித்துக் குதித்து வருவார்கள். பாலத்துக்கு நடுவில் வந்தால்தான் அவர்களுக்கு இன்னும் உற்சாகம். பலகை அதிர்வது காலுக்குத் தெரியும்.

சிவில்காரன்:

ரொம்பச் சரியான கேள்வி அக்கா. ஒரே தாளத்தில் நூறு பேர் குதிப்பது நடப்பதை விடப் பல மடங்கு மோசம். பட்டாளத்துக்காரர்களே பாலத்தில் ஏறும்போது அணிநடையைக் கலைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். 1831இல் இங்கிலாந்தில் பிராட்டன் தொங்குபாலம் சிப்பாய்கள் நடையில் விழுந்த பிறகு வந்த கட்டளை அது. மேளத்தைக் கரையிலேயே நிறுத்தி, எல்லாரும் சாதாரணமாகக் கடந்து, அக்கரையில் மறுபடி அடிக்கச் சொல்லுங்க. புதுப் பாலத்துக்கும் இது பொருந்தும். இந்த வருசம் பழைய பாலத்துக்குக் கட்டாயம்.

மஞ்சமண்டி:

மேளக்காரரை நிறுத்தலாம். பையன்களை யார் நிறுத்துவது?

மாவிளக்கு_அக்கா:

மேளம் நின்றால் பையன்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். கவலைப்படாதீங்க.

வாய்க்கால்மேடு:

எல்லாருக்கும் நன்றிங்க. இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசினேன். சுத்தியல் தட்டுவதைத் தம்பி சொன்னபடி ஊர்ப் பெரியவர்களை அடியில் கூட்டிப் போய்க் காட்டினோம். நடுக்கண்ணில் 'பொத்' கேட்டதும், தட்டின இடத்திலிருந்து கைப்பிடி அளவு உதிர்ந்து மளிகைக்கடை மாமா வேட்டியில் விழுந்தது. பூச்சுக் கட்சி அத்தோடு கலைந்தது.

முடிவானது: இந்த நோம்பிக்குக் கோயில் பாலத்தில் ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று கயிறு கட்டி விடுவது, மேளம் கரையோடு நிற்பது, வாணவேடிக்கை நேரம் முழுக்க அந்தப் பாலத்தை அடைப்பது. மாடு தார்ரோட்டு வழி. நோம்பி முடிந்ததும் கோயில் பாலம் முதலில், அடுத்த வருசம் சந்தைப் பாலம். இரண்டையும் ஒரே வருசம் இடிப்பதில்லை. அகலம் எட்டடி வேண்டும் என்று அக்கா சார்பில் கேட்டேன், ஆறடி என்று இழுத்தார்கள். பெண்கள் எழுந்து பேசின பிறகு எட்டடி.

கயிற்றுக்கு எத்தனை பேர் என்பதில்தான் இன்னும் இழுபறி. தம்பி, ஒரு எண் சொல்லுங்களேன்.

சிவில்காரன்:

உதிர்ந்தது வேட்டியில் விழுந்த பிறகு என்னிடம் எண் கேட்காதீங்க அண்ணா. அந்த நிலைமையில் நான் சொல்கிற எண் பூஜ்யம். சந்தைப் பாலத்துக்கு இரும்புக் குழாயில் உறுதியான கைப்பிடி போட்டு, சுத்தியல் தட்டி அதன் அடி நன்றாக இருக்கிறதா என்று ஒரு பொறியாளரை எழுதித் தரச் சொல்லுங்க. தந்தால் ஆள் எல்லாம் அதில், ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. தராவிட்டால் எல்லாரும் தார்ரோட்டுப் பாலம். வயசானவர்களுக்கு ஆட்டோ விடுங்க.

சுருக்குப்பை:

கோயில் வாசலுக்கு நேரே இருக்கிற பாலத்தை நோம்பியன்று அடைப்பதா? அம்மன் வரம் கேட்டுத்தான் அடைக்கணும் என்பார்கள்.

பழைய_லஸ்கர்:

பூசாரியிடம் நான் பேசுகிறேன். வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் சாமி எந்த வழியாக வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியும், தார்ரோடு போகிற வழிதான் பழைய வண்டித்தடம்.

வாய்க்கால்மேடு தம்பி, வேறு ஒரு விஷயம். கிரேன் எங்கே நிற்கும் என்று பார்த்தாயா? கரை மண்கரை, தண்ணீர் நின்ற புதிதில் கனத்த வண்டி ஏறினால் அமுங்கும். வைகாசிக் கடைசியில் காய்ந்த பிறகு, இரும்புத் தகடு விரித்துத்தான் ஏற்றணும். திடல் பக்கம் மின்கம்பி குறுக்கே போகிறதா?

வாய்க்கால்மேடு:

போகிறதுங்க ஐயா. கோயிலுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும் ஒரே லைன், பாலத்துக்கு நேர் மேலே.

பழைய_லஸ்கர்:

அப்போ மின்வாரியத்துக்கும் ஒரு மனு எழுது. லைனைத் தள்ளிப் போட நாள் ஆகும், அதையும் மார்கழி மனுவோடு சேர்த்தே கொடு. தோட்டக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வை, மோட்டார் ஓடாத நாளில் வந்து சண்டை பிடிப்பார்.